காமாக் கதிர் வெடிப்பு: திசை காண்பது எப்படி?

இருட்டில் எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது. உடனே உங்கள் தலை ஒரு பக்கமாகத் திரும்புகிறது. சத்தம் ஒரு காதுக்குச் சற்று முன்னும் மற்றொரு காதுக்குச் சற்றுப் பின்னும் வந்து சேர்ந்ததை மூளை கவனித்துவிட்டது. ஒரு காதில் மட்டும் கேட்டிருந்தால் எப்படி இருக்கும்? ஏதோ வெடித்தது என்பது தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. வானியல் அறிஞர்கள் ஒரு பெரிய புதிரின் முன்னால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த நிலையில்தான் நின்றார்கள்.

அந்தப் புதிர் காமாக் கதிர் வெடிப்பு. ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வானத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து காமாக் கதிர்கள் திடீரென்று பாய்ந்து வருகின்றன. விநாடியில் ஒரு சிறு பகுதி நேரமே நீடிப்பவை உண்டு. சில நிமிடங்கள் வரை நீடிப்பவையும் உண்டு. காமாக் கதிரைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால், அந்தச் சில விநாடிகளுக்கு வானத்தில் மற்ற எதையும் விட அந்த ஒரு புள்ளியே கூசும்படி ஒளிர்வதைக் காண்போம். பிறகு அணைந்துவிடும். இன்று வந்த இடத்தில் நாளை வராது. எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்கு விலாசம் கண்டுபிடிப்பது எப்படி?

வில்லைக்கு அடங்காத கதிர்

தொலைநோக்கியைத் திருப்பிப் படம் எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். காமாக் கதிரும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைதானே? உண்மைதான். ஆனால் அலைநீளத்தைப் பாருங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். 1 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட காமாக் கதிரின் அலைநீளம் 0.0124 நானோமீட்டர். வகுத்தால் 40,000 மடங்கு வேறுபாடு வருகிறது. ஓர் உலோகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடைப்பட்ட தூரமே 0.2 அல்லது 0.3 நானோமீட்டர் இருக்கும். ஆகவே, ஒளிக்கு வழவழப்பான ஆடியாக இருக்கும் பரப்பு இந்தக் கதிருக்கு வெறும் வேலி. இடைவெளியில் புகுந்து அப்பால் போய்விடும். அல்லது ஏதாவது ஓர் எலெக்ட்ரானில் மோதித் தன் ஆற்றலை இழந்துவிடும். வில்லையால் வளைத்துக் குவிக்கவோ ஆடியால் திருப்பிவிடவோ முடிவதில்லை. குவிக்க முடியாவிட்டால் சாதாரண முறையில் படம் ஏது?

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் தலைக்கு மேலுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை உள்ளது. அதாவது, 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் நாம் வாழ்வதற்குச் சமம். இந்தப் போர்வையைத் தாண்டி அந்தக் கதிர்கள் தரைக்கு வருவதில்லை. நம் உடல் நலத்துக்கு அது நல்லதே. ஆனால் ஆராய்ச்சிக் கருவியைச் செயற்கைக் கோளில் வைத்து மேலே அனுப்பியாக வேண்டும்.

அந்தக் கருவியில் என்ன இருக்கும்? பழைய, நம்பகமான வகை ஒன்றைச் சொல்கிறேன். சோடியம் அயோடைடு என்பது சமையல் உப்புக்கு உறவான ஒரு பொருள். அதன் பெரிய படிகம் ஒன்றில் காமாக் கதிர் பட்டால் மெல்லிய ஒளிப்பொறி ஒன்று தோன்றும். படிகத்தின் பின்னால் உள்ள ஒளிபெருக்கிக் குழாய் அந்தப் பொறியை ஒரு மின்துடிப்பாக மாற்றும். துடிப்புகளை எண்ணிக்கொண்டே போவதுதான் கருவியின் வேலை.

வெடிப்பு எதுவும் இல்லாத நேரத்திலும் துடிப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். விண்வெளியில் கதிர்கள் இல்லாத இடமே கிடையாது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சராசரி 10,000 துடிப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்ணிக்கை ஏறி இறங்குவது இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது 100. எனவே 10,080 வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10,600 வந்தால்? இயல்பான ஏற்ற இறக்கத்தைப் போல் ஆறு மடங்கு! தற்செயலாக அப்படி நேர்வது மிக அரிது. செயற்கைக் கோளில் உள்ள கணிப்பொறி உடனே விழித்துக்கொண்டு, அடுத்து வரும் துடிப்புகளை நுணுக்கமாகப் பதிவு செய்யத் தொடங்கும். சூரியனில் நிகழும் வெடிப்புகளும் பூமியின் காந்தப் புலத்தில் சிக்கிய துகள்களும் சில வேளை பொய் எச்சரிக்கை எழுப்பிவிடும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் ஒரே சமயத்தில் சொன்னால்தான் நம்புவது வழக்கம்.

ஆக, வெடிப்பைக் கண்டறிவது அவ்வளவு கடினமன்று. ஆனால் படிகத்தில் பொறி பறந்ததே ஒழிய, கதிர் கிழக்கிலிருந்து வந்ததா மேற்கிலிருந்து வந்ததா என்று பொறி சொல்வதில்லை.

அணுகுண்டைத் தேடிய கண்கள்

இந்த வெடிப்புகளை முதலில் கண்டவர்கள் இவற்றைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. காற்றிலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதனை செய்வதில்லை என்று அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் 1963ஆம் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. எதிர்த்தரப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக் கோள்களை இரண்டிரண்டாக ஏவியது. யாராவது விண்வெளியில் குண்டு வெடித்தால் அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர், காமாக் கதிர், நியூட்ரான்கள் மூலம் பிடித்துவிடலாம் என்பது திட்டம்.

1967 ஜூலை 2ஆம் நாள் வேலா கோள்களின் கருவிகள் ஒரு காமாக் கதிர் வீச்சைப் பதிவு செய்தன. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் 1969இல்தான் அதைக் கவனித்தார்கள். குண்டு வெடிப்பின் மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் உயர்ந்து, பிறகு படிப்படியாகத் தேயும். இதுவோ இரண்டு திமில்களுடன் விநாடிக்கணக்கில் நீடித்திருந்தது. குண்டு இல்லை. சூரியனா? அப்படியானால் சூரியனின் திசையிலிருந்து வந்திருக்க வேண்டும். திசை தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

இங்கேதான் இரண்டு காது தந்திரம் உதவியது. பின்னால் ஏவப்பட்ட வேலா கோள்கள் பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 கி.மீ. தொலைவில், பூமிக்கு இரு புறமும் எதிரெதிராகச் சுற்றின. இரண்டுக்கும் இடையே 2,40,000 கி.மீ. ஒளி விநாடிக்கு 3,00,000 கி.மீ. செல்வது. ஆகவே ஒரு வெடிப்பின் கதிர்கள் முதல் கோளைத் தொட்டபின் இரண்டாவதைத் தொட 0.8 விநாடி வரை ஆகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெடிப்பு முதல் கோளைவிட இரண்டாம் கோளில் 0.4 விநாடி பிந்தித் தெரிந்தது என்று கொள்வோம். அந்த நேரத்தில் கதிர் கூடுதலாகக் கடந்த தூரம் 1,20,000 கி.மீ. இதை இரு கோள்களின் இடைத்தூரமான 2,40,000 கி.மீ.யால் வகுத்தால் 0.5. கோசைன் 0.5 உள்ள கோணம் 60 பாகை. ஆகவே, இரு கோள்களையும் இணைக்கும் கோட்டுக்கு 60 பாகைச் சாய்வான திசையிலிருந்து கதிர் வந்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட திசை ஒன்றல்லவே! அந்தக் கோட்டைச் சுற்றி 60 பாகை சாய்வில் ஒரு முழு வட்டமே இருக்கிறது. மூன்றாவது கோள் ஒன்று இருந்தால் இன்னொரு வட்டம் கிடைக்கும். இரண்டு வட்டங்களும் வெட்டும் இரு புள்ளிகளில் ஒன்றுதான் வெடிப்பின் இடம்.

இம்முறையில் கிடைத்த விடைகள் அப்போது துல்லியமாக இல்லை. ஆயினும் ஒன்றைத் தீர்த்துவைக்கப் போதுமானவையாக இருந்தன: கதிர்கள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவரும் 16 வெடிப்புகளைப் பற்றி 1973இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

அருகிலா, தொலைவிலா?

அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கொள்கைகள் எழுதப்பட்டன. தகவல் குறையக் குறையக் கொள்கை பெருகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் நின்ற கேள்வி ஒன்றே: இவை எவ்வளவு தூரத்தில் நிகழ்கின்றன?

தூரம் ஏன் அவ்வளவு முக்கியம்? தொலைவில் ஒரு விளக்கு தெரிகிறது. அது தெருக்கோடியில் உள்ள மெழுகுவர்த்தியா, கடற்கரைக்கு அப்பாலுள்ள கலங்கரை விளக்கமா என்று ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். வெடிப்பு நாம் நினைத்ததைவிட 10,000 மடங்கு தொலைவில் இருக்குமானால், அதன் ஆற்றல் 10 கோடி மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். நம் பால்வீதியைச் சேர்ந்த ஒரு நியூட்ரான் விண்மீனின் சிறு குலுக்கலா, அல்லது பேரண்டத்தின் மறுகோடியில் ஒரு விண்மீனே அழிந்துபோகும் நிகழ்ச்சியா? தூரம் தெரியாதவரை இரண்டும் சமம்.

1991 ஏப்ரலில் ஏவப்பட்ட காம்ப்டன் காமாக் கதிர் ஆய்வகத்தில் 'பாட்ஸி' என்ற கருவித் தொகுதி இருந்தது. செயற்கைக் கோளின் எட்டு மூலைகளிலும் எட்டு சோடியம் அயோடைடு உணர்கருவிகள், எட்டுத் திசையைப் பார்த்தபடி. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கும் தட்டில் முழு வெயில் விழும். 60 பாகை சாய்த்து வைத்த தட்டில் பாதி வெயில்தான். எந்தத் தட்டில் எவ்வளவு என்று தெரிந்தால் வெயில் வரும் திசையைக் கணக்கிடலாம். பாட்ஸி செய்தது இதைத்தான். ஆனால் கணக்கில் சில பாகைகள் பிழை வரும். 5 பாகை ஆரமுள்ள வட்டம் என்றால் அதற்குள் முழு நிலவைப் போல் 400 நிலவுகளை அடுக்கிவிடலாம். அவ்வளவு பரப்பில் எத்தனையோ ஆயிரம் விண்மீன்கள். எதை என்று குற்றம் சொல்வது?

இருந்தும் பாட்ஸி ஒரு பெரிய செய்தியைத் தந்தது. ஒன்பது ஆண்டுகளில் அது பதிந்த 2,704 வெடிப்புகளையும் வான வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருந்தன. பால்வீதி ஒரு தட்டையான தட்டுப் போன்றது. நாம் அதற்குள் இருப்பதால் வானத்தில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. வெடிப்புகள் அந்தத் தட்டைச் சேர்ந்தவை என்றால் புள்ளிகளும் அந்தப் பட்டையில் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை.

ஆனாலும் வாதம் ஓயவில்லை. பால்வீதியை ஒரு பெரிய உருண்டையாகச் சூழ்ந்து சில லட்சம் ஒளியாண்டுகள் வரை நியூட்ரான் விண்மீன்கள் பரவியிருந்தால்? அப்போதும் எல்லாத் திசையும் சமமாகத்தானே தெரியும்? 1995 ஏப்ரல் 22ஆம் நாள் வாஷிங்டன் நகரில் இதைப் பற்றி ஒரு பட்டிமன்றமே நடந்தது. அருகில் என்று வாதிட்டவர் டொனால்டு லாம். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் என்று வாதிட்டவர் போலந்து நாட்டு அறிஞர் போதான் பச்சின்ஸ்கி. நடுவர் மார்ட்டின் ரீஸ். தீர்ப்பு சொல்லச் சான்று இல்லை. ஒரே ஒரு வெடிப்புக்காவது சரியான விலாசம் கிடைத்தால், அங்கே ஒளித் தொலைநோக்கியைத் திருப்பி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது கிடைக்கவேயில்லை.

நிழலைப் படித்தல்

விலாசம் கிடைத்தது நிழலால். காமாக் கதிரைக் குவிக்க முடியாவிட்டாலும் தடுக்க முடியும், குறிப்பாக ஆற்றல் குறைந்தவற்றை. தடுத்தால் நிழல் விழும். நிழலுக்குத் திசை தெரியும்.

காலையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் நகர நகர நிழலும் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் சூரியன் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் ஒரு சங்கடம். கம்பிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. நிழல் சரியாக ஒரு கம்பியிடை நகர்ந்துவிட்டால், நகராததைப் போலவே தோன்றும்! தரையின் ஒரு பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு இது எந்தக் கம்பியின் நிழல் என்று தெரியாது.

இதற்கு மாற்று, ஒழுங்கே இல்லாத தட்டு. இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கெட்டி அட்டையில் 1 செ.மீ. கட்டங்களாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். பூ விழுந்தால் விட்டுவிடுங்கள். (அறுந்து விழும் துண்டுகளை மெல்லிய நூலால் கட்டிக்கொள்ளலாம்.) அட்டையை மேசையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மேசைக்கு இணையாகப் பிடித்து வெயிலில் காட்டுங்கள். கீழே வைத்த வெள்ளைத் தாளில் நிழலை வரைந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, எதையும் அசைக்காமல், மறுபடி வரையுங்கள். முதல் படத்தை இரண்டாவதின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினால், ஒரே ஒரு நிலையில்தான் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும். எவ்வளவு தூரம் நகர்த்தினீர்களோ அதுவே சூரியன் இடம் மாறியதற்கான அளவு. தாளின் ஒரு பகுதி கிழிந்துபோனாலும் மிச்சத்தை வைத்துப் பொருத்திவிடலாம். இரண்டு விளக்குகளால் இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தாலும் பொருத்தும் நிலைகள் இரண்டு என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

தாளுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு உணர்கருவிகளைத் தரை ஓடுகள் போலப் பதித்துவிட்டால், காமாக் கதிருக்கு ஒரு படப்பெட்டி தயார். வரும் கதிரில் பாதியைத் தட்டு வீணாக்குகிறது என்பது உண்மை. கிடைக்கும் விலாசத்துக்கு அது மலிவான விலையே.

1997 பிப்ரவரி 28

இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து 1996 ஏப்ரலில் ஏவிய பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக் கோளில் இவ்வகை நிழல் தட்டு வைத்த எக்ஸ் கதிர்ப் படப்பெட்டிகள் இருந்தன. 1997 பிப்ரவரி 28ஆம் நாள் நிகழ்ந்த ஒரு வெடிப்பு அவற்றில் ஒன்றின் பார்வைக்குள் அகப்பட்டது. (வெடிப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சிரமமே இல்லை. ஆண்டு, மாதம், நாளைச் சேர்த்து எழுதினால் பெயர்: 970228.) ஒரு பாகையை 60 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு வில் நிமிடம். இந்த வெடிப்பின் இடம் 3 வில் நிமிட ஆரத்துக்குள் தெரிந்துவிட்டது. நானூறு நிலவு எங்கே, ஒரு நிலவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எங்கே!

தரையிலிருந்து கட்டளை அனுப்பி, எட்டு மணி நேரத்தில் செயற்கைக் கோளையே திருப்பினார்கள். அங்கே ஓர் எக்ஸ் கதிர்ப் புள்ளி இருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் பெரிதும் மங்கியிருந்தது. வெடிப்பு அணைந்தபின் தணல் ஆறுவதைப் போன்ற ஒளி அது, பின்னொளி என்பார்கள். இதற்குள் ஆம்ஸ்டர்டாம் அறிஞர் யான் வான் பாராடைஸின் குழுவினர், லா பால்மா தீவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் அந்த இடத்தை அன்று இரவே படமெடுத்திருந்தார்கள். மார்ச் 8ஆம் நாள் மறுபடி எடுத்தார்கள். சிறுவர் இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' போல இரு படங்களையும் ஒப்பிட்டபோது, முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை. அந்தப் புள்ளி இருந்த இடத்தில், மிக மங்கலாக, ஒரு தொலைதூர விண்மீன் திரள்.

தூரத்தை உறுதியாக அளக்க மே 8ஆம் நாள் வெடிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னொளியை ஹவாய்த் தீவின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கியால் நிறமாலையாகப் பிரித்தார்கள். வழியில் இருந்த வாயுவிலுள்ள இரும்பும் மக்னீசியமும் உண்டாக்கிய கருங்கோடுகள், இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தன. பேரண்டம் விரிவதால் ஏற்படும் இந்தச் செம்பெயர்ச்சியின் அளவு 0.835. ஒளி ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்திருக்கிறது. நம் பூமி பிறந்தே 460 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. பச்சின்ஸ்கி சொன்னதே சரி.

உழவாரன் என்ற கோள்

எட்டு மணி நேரம் என்பது பின்னொளிக்கு மிக நீண்ட காலம். முதல் நிமிடங்களில்தான் அது பிரகாசமாக இருக்கும். தரையிலுள்ள மனிதர்கள் யோசித்து, கட்டளை தயாரித்து, அனுப்புவதற்குள் பாதிக் கதை முடிந்துவிடுகிறது. கோளே யோசித்துத் தானே திரும்பினால் என்ன? 2004 நவம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் அப்படிப்பட்டது. ஸ்விஃப்ட் என்பது ஒரு பறவையின் பெயர். பறந்தபடியே திரும்பிப் பூச்சியைப் பிடிக்கும் அதை நாம் உழவாரன் என்போம். பொருத்தமான பெயர்தான்.

ஸ்விஃப்டின் நிழல் தட்டில் 5 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஈயச் சில்லுகள் ஏறத்தாழ 54,000 ஒட்டப்பட்டிருந்தன, நீங்கள் நாணயம் சுண்டிய அட்டையைப் போலவே ஒழுங்கின்றி. அதற்கு 1 மீட்டர் கீழே 32,768 உணர்கருவித் துண்டுகள், ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் பக்கம். காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் சேர்ந்த பொருளால் ஆனவை. நிழல் ஒரு துண்டு அளவு நகர்ந்தால் திசை எவ்வளவு மாறியிருக்கும்? 4 மில்லிமீட்டரை 1,000 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.004 ரேடியன். அதாவது 0.23 பாகை, ஏறத்தாழ 14 வில் நிமிடம். ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகளின் நிழலை ஒருசேரப் பொருத்திப் பார்ப்பதால், நடுப்புள்ளியை இதைவிட நுட்பமாக, 1 முதல் 4 வில் நிமிடத்துக்குள் குறித்துவிட முடிந்தது. வானத்தில் 100 பாகைக்கு 60 பாகை என்ற பெரும் பரப்பைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

பொருத்தும் வேலையைக் கோளிலுள்ள கணிப்பொறியே சில விநாடிகளில் முடித்துவிடும். உள்ளே இருக்கும் கனமான சக்கரங்கள் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கும். கோண உந்தம் மாறாது என்ற விதிப்படி கோள் மறுபக்கமாகத் திரும்பும். எரிபொருள் செலவில்லை. 50 பாகை திரும்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். திரும்பியவுடன் அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்க்கும். எக்ஸ் கதிரும் நேராக மோதினால் ஆடிக்குள் புகுந்துவிடும். ஆனால் மிகத் தாழ்ந்த கோணத்தில் உராய்ந்து சென்றால் திரும்பும். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தாழ வீசினால் முழுகாமல் தத்திச் செல்வதைப் போல. இப்போது இடம் சில வில் விநாடி வரை தெரிந்துவிடும். அடுத்து, 30 சென்டிமீட்டர் ஆடியுள்ள புறஊதா-ஒளித் தொலைநோக்கி அதையும் விடத் துல்லியமாகக் காட்டும். இதற்கிடையில் முதல் விலாசம் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றில் பல, காவலர் யாரும் கைவைக்காமலே தாமே திரும்பிக்கொள்பவை.

2008 மார்ச் 19ஆம் நாள் வந்த வெடிப்பு ஒன்றின் ஒளி, ஏறத்தாழ 750 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகும், இருண்ட வானத்தின் கீழ் இருப்பவருக்கு வெறும் கண்ணுக்கே அரை நிமிட நேரம் தெரியக்கூடிய அளவு பிரகாசமாக இருந்தது. அதற்கு அரை மணி முன் வானின் அதே பகுதியில் இன்னொரு வெடிப்பு நிகழ்ந்திருந்ததால், சில தானியங்கிப் படப்பெட்டிகள் ஏற்கெனவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அறிவியல் கதைகள் எழுதிய ஆர்தர் கிளார்க் கொழும்பில் காலமானதும் அதே நாளில்தான்.

விலாசங்கள் கிடைக்கக் கிடைக்கப் பழைய கொள்கைகளில் பெரும்பாலானவை உதிர்ந்தன. 2 விநாடிக்கு மேல் நீடிப்பவற்றில் பெரும்பாலானவை சூரியனைப் போல் பல மடங்கு பெரிய விண்மீன்கள் தம் எடை தாங்காமல் உள்ளே சரியும்போது நிகழ்பவை. குறுகிய வெடிப்புகள், ஒன்றையொன்று சுற்றிவந்த இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாவதால் என்று கருதினார்கள். அதற்கு நேரடிச் சான்று 2017 ஆகஸ்ட் 17ஆம் நாள் வந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள ஈர்ப்பலைக் கருவிகள் ஒரு மோதலின் அதிர்வை உணர்ந்தன; 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக் கோள் ஒரு குறு வெடிப்பைப் பதிந்தது. ஃபெர்மியின் முறை பாட்ஸியின் வடாம்தட்டு முறையே. அது காட்டிய பரப்பு மிகப் பெரிது. ஈர்ப்பலைக் கருவிகளோ வேலாவின் நேர வித்தியாசக் கணக்கையே போட்டு, இடத்தை ஏறத்தாழ 30 சதுரப் பாகைக்குள் சுருக்கின. சிலியிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி அந்தப் பரப்பிலுள்ள விண்மீன் திரள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மோதலுக்கு 11 மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4993 என்ற திரளில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது.

நம் நாட்டின் பங்கும் உண்டு. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில், ஸ்விஃப்டில் உள்ளதைப் போன்ற நிழல் தட்டுக் கருவி ஒன்று வைக்கப்பட்டது. இயக்கிய முதல் நாளான அக்டோபர் 6ஆம் தேதியே அது ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டது.

இவ்வளவு கருவிகள் வந்தபின்னும் அருகா தொலைவா என்ற பழைய தடுமாற்றம் தலைகாட்டத்தான் செய்கிறது. 2022 அக்டோபர் 9ஆம் நாள் இந்திய நேரப்படி மாலை 6.47க்கு ஃபெர்மியின் எண்ணிகள் எண்ணி முடிக்க இயலாமல் திணறும் அளவுக்கு ஒரு வெடிப்பு வந்தது. ஸ்விஃப்ட் அப்போது அந்த இடத்தைப் பார்க்கும் நிலையில் இல்லை. 53 நிமிடம் கழித்து அந்தத் திசை அதன் பார்வைக்குள் வந்தபோதும் பின்னொளி எச்சரிக்கை மணி அடிக்கும் அளவு வலுவாக இருந்தது. திசை பால்வீதிப் பட்டைக்கு அருகில் இருந்ததால், நம் விண்மீன் திரளைச் சேர்ந்த ஏதோ ஒரு புதிய எக்ஸ் கதிர் விண்மீன் என்று முதலில் எண்ணி, அதற்கேற்ற பெயரும் வைத்து அறிவித்துவிட்டார்கள். ஃபெர்மியின் பதிவோடு இதைச் சேர்த்துப் பார்த்தபிறகே இரண்டும் ஒன்று என்பது தெரிந்தது. சிலியிலுள்ள 8 மீட்டர் தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தார்கள். செம்பெயர்ச்சி 0.151, புறப்பட்டு ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் கதிர்கள், பூமியின் மேல் வளிமண்டலத்திலுள்ள அயனி மண்டலத்தையே கலைத்துவிட்டுப் போயிருந்தன.